மாடிப்படியில் விழாதவள்

1

ஜெர்மன் மொழியில் படுத்திருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவில் ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். 'கெலேகன்' என்றால் படுத்திருந்தாள். 'கெலோகன்' என்றால் பொய் சொன்னாள். இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் அவசரத்தில் எனக்கு அது இடறும்.

போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை இடறியது. என் மகள் யாழினிக்குப் பதின்மூன்று வயது. லைப்சிக்கில் நாங்கள் இருக்கும் பகுதியின் பெண்கள் கால்பந்து அணியில் ஆடுகிறாள். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு அவள் போகவில்லை. பயிற்சியாளர் காத்ரின், வேலியோரம் நின்ற என்னிடம் வந்து என்ன ஆயிற்று என்று விசாரித்தார். காய்ச்சல், நாள் முழுக்கப் படுத்தேதான் இருந்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். "நாள் முழுக்கப் பொய்தான் சொன்னாள்" என்று வந்துவிட்டது.

காத்ரின் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே திருத்திச் சொன்னேன். பக்கத்தில் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த யாழினி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. காத்ரின் சிரிப்பை நிறுத்தி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, "முழங்காலைக் காட்டு" என்றார்.

வலது முழங்கால் வீங்கியிருந்தது. காய்ச்சல் என்பது பொய்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஓர் ஆட்டத்தில் மோதி விழுந்தவள், வீக்கத்தை எல்லாரிடமும் மறைத்திருந்தாள். என்னிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. குளித்துவிட்டு வரும்போது பார்த்துவிட்டேன். "யாருக்கும் சொல்லாதே அம்மா, ப்ளீஸ். இன்னும் மூணு மேட்ச்தான் இருக்கு" என்றாள். அதைத் தமிழில் சொன்னாள். அவள் என்னோடு தமிழில் பேசுவது இப்போதெல்லாம் காரியம் ஆகவேண்டியிருந்தால் மட்டும்தான். ஆனாலும் அந்த வயதுப் பிள்ளையின் ரகசியத்தில் எனக்கு ஓர் இடம் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் சரி என்றேன். காய்ச்சல் என்று சொல்லலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான்.

காத்ரின் என்னைத் திட்டவில்லை. "உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தெரியும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் மின்னஞ்சலில் விபத்து அறிக்கைப் படிவம் வந்தது.

2

இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. படிவத்தின் முதல் கட்டத்திலேயே எங்களுக்குச் சிக்கல் உண்டு. குடும்பப்பெயர் கேட்பார்கள். எனக்கு என் அப்பா பெயர், கணவருக்கு அவருடைய அப்பா பெயர், யாழினிக்கு அவளுடைய அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப்பெயர். நான் அவளைப் பெற்றவள்தானா என்று இரண்டு அலுவலகங்களில் கேட்டிருக்கிறார்கள். இப்போது அதெல்லாம் பழகிவிட்டது. அவள் பெயரை இங்கே யாராலும் சொல்ல முடியாது. அவளே தன்னை யாலினி என்றுதான் அறிமுகம் செய்துகொள்கிறாள். அதற்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

அன்று சமையலறை மேஜையில் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பிக்கொண்டே வந்தேன். அந்த வாரம் அணியின் சட்டைகளைத் துவைக்கும் முறை எங்கள் வீட்டுக்கு. பதினைந்து சட்டைகள் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஐந்தாவது கட்டத்தில் கேட்டிருந்தார்கள்: 'காயம் எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருக்கும்போது ஏற்பட்டது? சரியாக எழுதவும்.'

அங்கே பேனா நின்றது. இதே கேள்வியைப் பதினேழு வருஷத்துக்கு முன்னால் திருச்சி தில்லை நகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருவர் கேட்டார். பதில் சொன்னது நான்.

3

அப்போது நான் பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷம். எங்கள் பெண்கள் கல்லூரியில் அந்த வருஷம்தான் முதன்முதலாகக் கால்பந்து அணி சேர்த்தார்கள். பி.டி. மேடம் ஸ்டெல்லா அதுவரை கோகோவுக்கும் எறிபந்துக்கும்தான் பயிற்சி கொடுத்தவர். விதிப் புத்தகம் ஒன்றை வாங்கி, எங்களுக்கு முன்னால் ஒரு பாடம் படித்துவிட்டு வந்து மைதானத்தில் நிற்பார். மைதானம் என்பது இறுகிப்போன செம்மண். ஓரமெல்லாம் நெருஞ்சி. கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுவதும் நாங்கள்தான்.

பன்னிரண்டு பேர் தேறினோம். பச்சைமலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருந்த பூங்கொடி கோல் கீப்பர். ஊருக்குப் போனால் திரும்பப் பஸ் கிடைக்காமல் ஒரு நாள் தாமதமாக வருவாள், மன்னிப்புக்குப் பதிலாக ஒரு பை மரவள்ளிக்கிழங்கோடு. சமயபுரம் பஸ் ஸ்டாப்பில் டிபன் கடை வைத்திருந்தவரின் மகள் நான். எதிலும் குரலை உயர்த்திப் பேசுவேன் என்பதால் கேப்டன் ஆக்கினார்கள்.

எங்களில் உண்மையிலேயே ஆடத் தெரிந்தவள் ரங்கநாயகி. ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி. அப்பா கோயிலில் பிரபந்தப் பாசுரங்களை ஓதிச் சேவிக்கும் கோஷ்டியில் ஒருவர். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கணிதத்தில் எப்போதும் முதலாவதாக வருகிறவள். சின்ன வயதில் சித்தப்பா பையன்களோடு தெருவில் ஆடியது தவிர அவளுக்கு வேறு பயிற்சி இல்லை. இடது பக்கக் கோட்டை ஒட்டி அவள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் மேடம் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்துவிடுவார்.

அணியில் சேரப் பெற்றோர் ஒப்புதல் கடிதம் வேண்டும். எல்லாரும் கொண்டுவந்துவிட்டார்கள். ரங்கா மட்டும் ஒரு வாரமாகப் பையிலேயே வைத்திருந்தாள்.

"அப்பாகிட்ட கேட்டா வேண்டாம்னுதான்டி சொல்வார். அவரை மீறி என்னால வெளையாட முடியாது. கேக்காமலே இருந்துட்டா அவர் வேண்டாம்னு சொன்னதா ஆகாதோன்னோ?"

"அப்ப கையெழுத்து?"

அவள் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சமயபுரத்திலிருந்து நான் வரும் பஸ்ஸில் அவள் மாம்பழச்சாலையில் ஏறுவாள். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு இருவரும் அப்படித்தான் போவோம். அன்று பஸ் காவிரிப் பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தபோது கடிதத்தை அவள் மடியிலிருந்து எடுத்து, என் முட்டியில் வைத்து, ஆங்கிலத்தில் 'ஆர். ஸ்ரீநிவாசன்' என்று எழுதிக் கீழே ஒரு கோடு இழுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கேப்டன்னா சும்மாவா?" என்றேன். எனக்கு அது அப்போது பெரிய வீரமாகத் தெரிந்தது.

அவளுடைய சட்டையையும் நிக்கரையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் நான்தான் சமயபுரத்துக்கு எடுத்துப்போய்த் துவைத்து, கடைக்குப் பின்னால் கொடியில் உலர்த்தி எடுத்து வருவேன். "ரெண்டு சட்டை எதுக்குடி உனக்கு?" என்று அம்மா கேட்டபோது, கேப்டனுக்கு ரெண்டு என்று சொன்னேன். பொய் எனக்குச் சுலபமாக வந்தது. நாக்கு இடறவே இல்லை.

அந்த சீசனில் நாங்கள் முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். அது சிநேக ஆட்டம் என்பதால் கணக்கில் சேரவில்லை. பிறகு கல்லூரிகளுக்கிடையிலான போட்டி தொடங்கியது. முதல் சுற்றில் எதிரணி வரவில்லை. வராத அணியை ஜெயித்ததற்கே ஹாஸ்டலில் கேசரி போட்டார்கள். இரண்டாம் சுற்றில் ரங்கா இரண்டு கோல் போட்டாள். கால் இறுதியில் சமநிலை, பெனால்டியில் பூங்கொடி மூன்று பந்துகளைத் தடுத்தாள். எங்களுக்கே நம்பிக்கை வராமல் அரை இறுதி வரைக்கும் வந்துவிட்டோம்.

அரை இறுதி தஞ்சாவூரில். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். திரும்பும் வேனில் எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசி இருக்கையில் ரங்கா என் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்தாள். துணிக்கு மேலேயே சூடு தெரிந்தது.

"மேடத்துகிட்ட சொல்லாதே. சொன்னா ஃபைனல்ல உக்கார வச்சுடுவா."

எங்களில் ஒருத்திக்கு டைஃபாய்டு. ஆக மிஞ்சியது சரியாகப் பதினொரு பேர். இறுதி ஆட்டம் வரை போன அணியின் கேப்டன் என்ற பெயரில் எனக்கும் ஒரு கண் இருந்தது. எம்.எஸ்ஸி.க்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைக்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். சொல்லமாட்டேன் என்று ரங்காவிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

4

இறுதி ஆட்டம் திருச்சியிலேயே நடந்தது. மார்கழி. ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்த நாட்கள். ரங்காவின் அப்பா விடியற்காலையில் கோயிலுக்குப் போனால் மாலைதான் வீடு திரும்புவார். அந்த வகையில் எங்களுக்கு வசதி என்று பேசிக்கொண்டோம்.

முழங்காலில் இறுக்கமாகத் துணி சுற்றிக்கொண்டு ஆடினாள். முதல் பாதியில் அவள்தான் கோல் போட்டாள். மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்த எதிரணிப் பெண்கள்கூடக் கை தட்டினார்கள். இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிஷம் இருக்கும். பந்து அவள் காலில் இருந்தது. பக்கத்தில் யாருமே இல்லை. உள்பக்கம் திரும்பினாள். கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் எனக்கே கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டம் நிற்கவில்லை. பத்துப் பேரோடு ஆடி இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். முடிந்ததும் மேடம் பரிசளிப்புக்கு இருக்க வேண்டியிருந்தது. "நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் பின்னாலயே வரேன்" என்றார். நானும் பூங்கொடியும் ரங்காவை ஆட்டோவில் ஏற்றினோம்.

ஆட்டோவில் நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. பூங்கொடியை ஒரு துப்பட்டாவை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லி, ரங்காவின் ஜெர்சியைக் கழற்றிச் சுடிதார் டாப்பை மாட்டினேன். பிறகு நிக்கருக்கு மேலேயே பேண்ட்டை ஏற்றினேன். வீங்கிய முழங்காலுக்கு மேல் அது ஏறவில்லை. ரங்கா துப்பட்டாவின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கடைசியில் கத்திவிட்டாள். ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டி, "என்னம்மா பண்றீங்க அந்தப் பொண்ண?" என்று கேட்டார். நான் பேண்ட்டை இழுப்பதை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்குச் சொல்லச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு நம்பருக்கு போன் செய்தோம். முக்கால் மணி நேரத்தில் யாருடைய ஸ்கூட்டரின் பின்னாலோ உட்கார்ந்து அவள் அப்பா வந்துவிட்டார். கோஷ்டியில் நின்றவர் அப்படியே வந்திருந்தார். நெற்றியிலும் தோளிலும் திருமண். மேலே ஓர் உத்தரீயம் மட்டும். தில்லை நகர் ஆஸ்பத்திரியின் வெளிச்சத்தில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"எப்படிம்மா ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார். டாக்டரும் அதே கேள்விக்காகப் பேனாவோடு நின்றார்.

"காலேஜ் மாடிப்படில மாமா. ஈரமா இருந்துச்சு. வழுக்கிடுச்சு."

டாக்டர் எழுதிக்கொண்டார். ரங்கா கட்டிலில் இருந்து என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அப்பா என் தலையில் கை வைத்து, "நீ இருந்தியோ, குழந்தை பொழைச்சா. நன்னா இருப்பே" என்றார்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. மாவுக்கட்டு போட்டு மூன்று வாரம் ஓய்வு என்றார்கள். படியில் வழுக்கியவளுக்கு அதற்கு மேல் எதுவும் பார்க்கத் தோன்றாது. இங்கே லைப்சிக்கில் எலும்பு டாக்டர் யாழினியிடம் கேட்ட முதல் கேள்வி, "விழுந்தபோது ஏதாவது சத்தம் கேட்டதா?" என்பது. அந்தச் சத்தத்தை நான் காதால் கேட்டிருந்தேன். சொல்லியிருந்தால் ரங்காவுக்கு உள்ளே தசைநார் அறுந்திருப்பதை அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம்.

ஸ்டெல்லா மேடம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "அந்த மாடிப்படியைக் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்கோ மேடம்" என்று அவள் அப்பா அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் அறைக்குக் கூப்பிட்டு ஒப்புதல் கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"இது யார் போட்ட கையெழுத்து?"

"நான்தான் மேடம்."

"போ."

அதன்பிறகு கல்லூரி முடியும்வரை அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை. இரண்டாம் இடத்துக்கான சான்றிதழ் எனக்கு எம்.எஸ்ஸி. இடம் வாங்கித் தந்தது. அந்தப் படிப்பு லைப்சிக்கில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இன்று நான் பார்க்கும் வேலை வரை கொண்டுவந்து விட்டது. பொய்யை ரங்காவுக்காகச் சொன்னேன் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அவளுக்காகச் சொல்லவில்லை. மைதானம் என்று வாயைத் திறந்திருந்தால் அடுத்த கேள்வி அந்தக் கையெழுத்தைப் பற்றியதாக இருந்திருக்கும்.

ரங்காவின் முழங்கால் சரியாகவே இல்லை. நடக்கும்போது திடீரென்று விட்டுவிடும். அவர்கள் அப்போது சித்திரை வீதியில் ஒரு வீட்டின் மாடியில் இருபது வருஷமாகக் குடியிருந்தார்கள். கோயில் கூப்பிடு தூரம். "படி இவளுக்கு ஆகாது" என்று சொல்லி அவள் அப்பா அந்த வீட்டைக் காலி செய்து, தள்ளியிருக்கும் அடையவளஞ்சான் வீதியில் கீழ்த்தள வீடாகப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். பிறகு தினமும் விடியலில் அவ்வளவு தூரம் கோயிலுக்கு நடந்தார். இல்லாத ஒரு மாடிப்படிக்காக.

5

ஐந்தாவது கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். எந்த ஆட்டம், எந்த நிமிஷம், எத்தனை நாள் மறைத்தோம், மறைக்க உதவியது யார், எல்லாம். எழுதியதை யாழினி படித்துப் பார்த்தாள்.

"என் சீசனை நீ அழிச்சிட்டே" என்றாள், ஜெர்மனில். ஸ்கேனில் குருத்தெலும்பு கிழிந்திருப்பது தெரிந்தது. கோடை வரை ஆடக்கூடாது. நான்கு நாள் அவள் என்னோடு எந்த மொழியிலும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் ரங்காவைக் கூப்பிட்டேன். நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய வருஷம் அவள் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி. பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாட்ஸப்பில் வாழ்த்துப் படங்கள் அனுப்பிக்கொள்வோம், அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்திலேயே பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். கணவருக்கு பேங்கில் வேலை. அப்பாவும் அவர்களோடுதான் இருக்கிறார்.

தேன் தடவாமல் சொன்னேன். வேனில் சொல்லாமல் விட்டதை, ஆட்டோவை, டாக்டரிடம் சொன்னதை. உன் முட்டி என்னால் போயிற்று என்றேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு அவள் பேசியபோது குரல் நான் நினைத்த மாதிரி இல்லை.

"இத்தனை வருஷமா இதைத்தான் நெனச்சுண்டு இருந்தியா?"

"ஆமா ரங்கா."

"முட்டி என்னோடதுடி. அடிபட்டுடுத்துன்னு தெரிஞ்சுதான் வெளையாடினேன். நீ மேடத்துகிட்ட சொல்லியிருந்தாலும் சண்டை போட்டுண்டு எறங்கியிருப்பேன். அதைப் போய் உன் பாவக் கணக்குல எழுதிண்டியா? அதை எங்கிட்ட குடுத்துடு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எனக்கு எங்கே வலிக்கறதுன்னு நீ கேக்கவே இல்லையே" என்றாள். "நான் ஃபைனல்ல கோல் போட்டவ. அது எங்காத்துல ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது. எல்லாருக்கும் நான் படியில தடுக்கி விழுந்தவ. இன்னிக்கும் வாசல்ல எறங்கறச்சே அப்பா 'பாத்து எறங்கு, பாத்து எறங்கு'ங்கறார். நான் எங்கேயும் தடுக்கி விழலை சுகன்யா. நான் ஓடிண்டிருந்தேன்."

"நீ சொல்லியிருக்கலாமே..."

"எப்படிச் சொல்றது? உன் கையெழுத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். அன்னிக்கு மேடம் உன்னை காலேஜை விட்டு அனுப்பறதாவே இருந்தா. என்னைப் பாக்க வந்தப்போ நான் அழுது கேட்டுண்டதாலதான் விட்டா. உனக்குத் தெரியாது. அப்பா இன்னும் உன்னை விசாரிக்கறார். அந்த சமயபுரத்துப் பொண்ணு எவ்ளோ சமர்த்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு வந்தான்னு."



"நான் அப்பாகிட்ட பேசட்டுமா?" என்றேன்.

"ஃபோன்ல வேண்டாம். நீ சொன்ன பொய். நேர்ல வந்து நீயே எடு."

6

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். யாழினிக்கு முழங்காலில் பட்டை. ஊருக்கு வருவதற்கு அவளுக்கு இஷ்டமில்லை. சமயபுரத்தில் என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் ஸ்ரீரங்கம் போகலாம் என்று நினைத்தேன். எங்கே போகிறேன் என்று கேட்டாள். சொன்னேன், முழுவதுமாக. "நானும் வரேன்" என்றாள்.

மறுபடியும் பகல் பத்து நாட்கள்தான். அடையவளஞ்சான் வீதி வீட்டில் ரங்காவின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டிவிட்டது. இரண்டு வருஷமாகக் கோயிலுக்கு அவ்வளவு தூரம் நடக்க முடிவதில்லை, வீட்டிலேயே சேவிக்கிறார் என்று ரங்கா சொல்லியிருந்தாள். சித்திரை வீதியிலேயே இருந்திருந்தால் இன்னும் சில வருஷம் போயிருப்பார். அந்த நினைப்போடுதான் உள்ளே நுழைந்தேன்.

"வாம்மா, வா. க்ஷேமமா இருக்கியா? இது உன் குழந்தையா? இவளுக்குக் கால்ல என்ன?" என்று கேட்டுக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தார்.

"நீங்க உக்காருங்க மாமா. ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன்."

நின்றபடியே சொன்னேன். அணியில் தொடங்கி ஆஸ்பத்திரி வரை. ரங்கா சுவரோரம் ஸ்டூலில் இருந்தாள். நான் முடித்தபோது அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை. ஏதோ கணக்குச் சரிபார்ப்பவர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கடுதாசில என் கையெழுத்தை நீ போட்டே?"

"ஆமா மாமா."

"எப்படிப் போட்டே?"

"இங்கிலீஷ்ல. ஆர். ஸ்ரீநிவாசன்னு."

"எனக்குத் தமிழ்லதாம்மா கையெழுத்துப் போடத் தெரியும்" என்றார் மெதுவாக. பிறகு, "அப்போ மாடிப்படி?"

"இல்ல மாமா. மாடிப்படியே இல்ல."

அவர் கைகளை நாற்காலியில் ஊன்றி எழுந்தார். ரங்கா பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டுப் பின்கட்டுக்கு நடந்தார். கிணற்றடியில் போய் நின்றது தெரிந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். யாழினி என் காதருகே, அவர் அழுகிறாரா என்று ஜெர்மனில் கேட்டாள். தெரியவில்லை என்றேன். ரங்கா தன் முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவைக் கூப்பிடவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

திரும்பி வந்தவர் என்னைத் தாண்டி ரங்காவிடம் போனார்.

"ஏன்டி, எங்கிட்ட கேட்டிருக்கப்படாதோ?"

"கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பேளேப்பா."

அவர் யோசித்தார். "ஆமாம். வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். உத்தரீயத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஜெயிச்சேளா?"

"இல்லப்பா. ரெண்டுக்கு ஒண்ணு. தோத்துட்டோம்."

"அந்த ஒண்ணு யாரு போட்டா?"

"நான்ப்பா."

தெருவில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ரங்காவின் கணவர் பேங்க் பையோடு உள்ளே வந்து, புதியவர்களைப் பார்த்துத் தயங்கிச் செருப்பைக் கழற்றினார். கிழவர் அவர் பக்கம் திரும்பினார்.

"தெரியுமோ மாப்பிள்ளை? இவ காலேஜ்ல ஃபுட்பால் ஆடியிருக்கா. ஃபைனல்ல கோல் போட்டிருக்கா. காலு அதுல போனதுதான். படியில இல்லை."

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவியைப் பார்த்தார். ரங்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அவளை அப்படிச் சிரித்துப் பார்த்துப் பதினேழு வருஷம் ஆயிற்று.

அதன்பிறகு அவள் அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பி வந்தது, குடித்தோம். யாழினியிடம் மட்டும் பெயரைக் கேட்டார். அவள் யாலினி என்றாள். அவர் "யாழினி" என்று நிதானமாகத் திருப்பிச் சொன்னார். புறப்படும்போது நான் "போயிட்டு வரேன் மாமா" என்றேன். தலையை மட்டும் அசைத்தார்.

ரங்கா வாசல்வரை வந்தாள். படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் உன்னோட பேச நாளாகும்" என்றாள்.

"பரவால்ல ரங்கா."

"எனக்கும் கொஞ்ச நாளாகும். கிணத்தடில அவர் நின்னதைப் பாத்தப்பறம்தான் எனக்கே கோவம் வந்தது."

நான் தலையாட்டினேன். அவள் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது, பிடிக்கவில்லை. உள்ளேயிருந்து அவள் அப்பாவின் குரல் கேட்டது. "ரங்கா, எங்கே போயிட்டே? பந்து உங்கிட்ட எப்படி வந்துது, மொதல்லேர்ந்து சொல்லு."

"வரேன்ப்பா" என்று திரும்பினாள். அவசரத்தில் முழங்கால் ஒருமுறை விட்டது. கதவைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.